குட்டியின் விலா எலும்பு கொஞ்சம் தட்டுப்படட்டும்

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் 2 ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். தோட்டக் காவலுக்காக ராஜபாளையம் ஆண் குட்டி ஒன்றைப் பிறந்த 38ஆம் நாளில் வாங்கி வந்தேன். இப்போது 70 நாள், எடை 9.5 கிலோ. நன்றாகத் தின்கிறது, விளையாடுகிறது. ஆனால் பத்து நாளாக முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டில் தணிந்து வெளிப்பக்கம் திரும்புகின்றன. பாதம் வாத்துக்கால்போல் தரையில் பரவுகிறது. பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் தீவனம், இருவேளை எருமைப்பால், தினம் இரண்டு முட்டை, வாரத்தில் மூன்று நாள் ஆட்டு ஈரல் கொடுக்கிறோம். கால்சியம் டானிக் காலையும் மாலையும் இரண்டு தேக்கரண்டி. விற்றவரோ, "கால்சியம் போதவில்லை, ஊசியாகப் போடுங்கள், குட்டியை இருட்டறையில் கட்டிவைத்தால்தான் காவலுக்கு ஆகும்" என்கிறார். எந்த ஊசி, எத்தனை மில்லி, எத்தனை நாள் போட வேண்டும்? டைல்ஸ் பதித்த அறையில் கட்டியிருக்கிறோம். தடுப்பூசி ஒன்று போட்டாகிவிட்டது.

பதில்: ஊசி வேண்டாம். இன்றைக்கே டானிக் பாட்டிலையும் எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்டதற்கு என் பதில் அவ்வளவுதான். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. 70 நாள் குட்டி ஏன் 9.5 கிலோ இருக்கிறது என்பதே அது.

கால்சியத்தின்மேல் நம் விவசாயிகளுக்கு இருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கன்று ஈன்ற மறுநாள் கறவை மாடு எழ முடியாமல் கிடக்கும். மருத்துவர் வந்து கால்சியம் ஏற்றுவார். சற்று நேரத்தில் மாடு எழுந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தவர், கால் தள்ளாடும் எந்த உயிருக்கும் அதுவே மருந்து என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மாடு தன் இரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பாலில் கொட்டிவிட்டு விழுந்து கிடக்கிறது. உங்கள் குட்டி எதையும் கொட்டவில்லை. உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கிறது.

வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியை மலத்தில் தள்ளிவிடும். ஏறத்தாழ ஆறு மாதம் வரை குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. நாம் கொடுக்கக் கொடுக்க உள்ளே போய்க்கொண்டிருக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்குத் தேவையைப்போல் மூன்று மடங்கு கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு உறுதிப்படவில்லை. குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்பட்டு, மூட்டுகள் கெட்டு, கால்கள் வளைந்தன.

முன்னங்காலில் பக்கத்துக்கொன்றாக இரண்டு எலும்புகள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நீள வேண்டும். ஒன்று பின்தங்கினால், நீளும் எலும்பு வில்லாகவும் நீளாத எலும்பு நாணாகவும் ஆகிக் கால் வளையும். வளைந்த காலைப் பார்த்து வீட்டுக்காரர் இன்னும் இரண்டு தேக்கரண்டி டானிக் ஊற்றுவார். இந்தச் சுழலில் சிக்கி, ஒரு வயதுக்குள் நடக்க முடியாமல் போன நாய்களை என் மேசைமேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் பலவும் நன்றாக வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் நாய்கள்தாம்.

ஊசி இன்னும் மோசம். தேவையில்லாத உடம்பில் வேகமாக ஏற்றிய கால்சியம் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். சில கால்சியம் மருந்துகள் தசையில் இறங்கினால் அந்த இடமே அழுகிப் புண்ணாகும். கூடவே வைட்டமின் டி ஊசியும் போடச் சொல்வார்கள். அது மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

கால்சியமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் போட்டு வளர்த்தால் குட்டிக்கு உண்மையிலேயே கால்சியம் போதாது. கறியில் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. அந்தக் குட்டியின் எலும்பு மெலிந்து, குதித்தால்கூட முறியும். அவர்களுக்கு முட்டை ஓட்டுப் பொடியைச் சொல்கிறேன். ஒரு தேக்கரண்டியில் சுமார் 2 கிராம் கால்சியம் கிடைக்கும். தினம் எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையையும் உணவையும் பார்த்து மருத்துவர் கணக்கிட்டுத் தர வேண்டும். நீங்கள் போடுவதோ பெரிய இனக் குட்டிக்கென்றே அளந்து செய்த பாக்கெட் தீவனம். அதில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். இருந்தால் அதற்குமேல் ஒரு துளியும் தேவையில்லை. ஈரலையும் நிறுத்துங்கள். வாரம் மூன்று முறை ஈரல் என்றால் வைட்டமின் ஏ மிகுந்து அதுவும் எலும்பைத்தான் கெடுக்கும். எருமைப்பால் குட்டியை ஊத வைக்கும், வயிற்றைக் கழிய வைக்கும். முட்டை வாரம் இரண்டு, அவித்துக் கொடுங்கள், போதும்.

இனி எடைக்கு வருகிறேன். ராஜபாளையம் வேட்டைக்கு ஓடப் பிறந்த நாய். வளர்ந்தால் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. வரை போகும், ஆனால் ஒட்டிய வயிறும் ஒடுங்கிய இடுப்புமாக நிற்கும். அதைக் கொழுகொழுவென்று வளர்க்க நினைப்பதே தவறு. உங்கள் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. கவாத்து முடிந்ததும் யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி என்ன செய்கிறது? இலை கருகருவென்று வரும், தண்டு நீளும், பார்ப்பவர் பாராட்டுவார். ஆனால் தண்டு முற்றாது, காய்ப்பு குறையும், அடிச்சாம்பல் நோய் முதலில் அந்தக் கொடியில்தான் இறங்கும். வேகமாக வளர்த்த குட்டியும் அப்படித்தான். முற்றாத எலும்பின்மேல் முழு நாயின் பாரம் ஏறிவிடுகிறது.

மெலிவாக வளர்ப்பது கொடுமை என்று வீட்டில் சொல்வார்கள். அமெரிக்காவில் 48 லேபரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்றதில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. குறைத்துத் தின்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் இடுப்பு மூட்டும் நெடுநாள் கெடாமல் இருந்தது. உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். குட்டிக்குத் திருட்டுத்தனமாக ஊட்டுபவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

எடை சரியா என்று அறிய உங்கள் கையே போதும். கையை மேசைமேல் விரித்து வைத்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு மெல்லத் தட்டுப்படும். குட்டியின் விலாவைத் தடவும்போதும் அப்படியே இருக்க வேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மடக்கிய விரல் கணுக்களைப்போல் துருத்தினால் உணவு போதவில்லை. உங்கள் குட்டி இப்போது உள்ளங்கைக் கணக்கில்தான் இருக்கும். தீவனத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவிலிருந்து தொடங்கி மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திராட்சைப் பெட்டி நிறுக்கும் தராசு தோட்டத்தில் இருக்கிறதல்லவா? வாரம் ஒருமுறை அதே கிழமையில் குட்டியை நிறுத்து, சுவர்க் காலண்டரில் எழுதி வாருங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் எலும்பு இன்னும் நிலையாக வளைந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். பெரிய குட்டிகளுக்கு இந்த வயதில் மணிக்கட்டின் தசைநார் தளர்ந்து பாதம் பரவுவது உண்டு. பாரம் ஒரு காரணம், வழுக்கும் தரை இன்னொன்று. டைல்ஸில் நிற்க அது ஓயாமல் கால்விரலை விரித்துப் போராடுகிறது. இன்றே மண் தரைக்கு மாற்றுங்கள். இரவுக்குச் சாக்கு விரியுங்கள். தீவனத்தைச் சரிசெய்து பிடிப்பான தரையில் விட்டால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கால் நிமிர்ந்துவிடும். ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, மணிக்கட்டுக்கு மேலே வீங்கிச் சூடாக இருந்தாலோ, தொட்டால் கத்தினாலோ, காய்ச்சலோடு தீவனம் மறுத்தாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். வளரும் முனையில் அடிபட்ட எலும்பைக் காலம் கடந்து நிமிர்த்துவது கடினம்.

மண்ணில் தானாக ஓடி விளையாடுவது நல்லது. நார்வேயில் பெரிய இனக் குட்டிகளைக் கவனித்தபோது, மூன்று மாதத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடியது. மெத்தென்ற நிலத்தில் வெளியே திரிந்தவற்றுக்குக் குறைந்தது. மாடிப்படியை அடைத்துவிடுங்கள். பைக்குக்குப் பின்னால் ஓடவிட்டுப் பழக்குவதை ஒன்றரை வயது வரை நினைக்கவே வேண்டாம்.

விற்றவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. உங்களுக்கு 38ஆம் நாளில் விற்றிருக்கிறார். தாயிடமிருந்தும் உடன்பிறப்புகளிடமிருந்தும் கடியை அடக்கக் கற்றுக்கொள்ளும் நாட்களை அந்தக் குட்டி இழந்துவிட்டது. இப்போது அவரே மருத்துவராகி ஊசியும் சொல்கிறார். குட்டி விற்பவருக்கு மருந்து சொல்லும் தகுதி இல்லை. சீட்டில்லாமல் டானிக்கை எடுத்து நீட்டும் மருந்துக்கடைக்காரருக்கும் இல்லை. இருட்டறையில் கட்டினால் நாய் காவலுக்கு ஆகும் என்பதும் பொய். அப்படி வளரும் நாய் பயந்து கடிக்கும். திருடனுக்கும் பேரப்பிள்ளைக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. ராஜபாளையம் இயல்பிலேயே ஒருவரைப் பற்றிக்கொள்ளும் இனம். அடுத்த ஒரு மாதத்துக்குள் தோட்டத்துக்கு வரும் கூலியாட்கள், குழந்தைகள், மாடு, டிராக்டர் சத்தம் எல்லாம் அதற்குப் பழக வேண்டும். தூக்கிக்கொண்டே போய்க் காட்டுங்கள்.

தூக்கிக்கொண்டு என்று நான் சொல்லக் காரணம், ஒரு தடுப்பூசி போதாது. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பு இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது. அதனால் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பப் போட வேண்டும். வெறிநோய் ஊசி 12 வாரத்தில். குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும். தெருநாய் திரியும் இடத்தில் 16 வாரம் வரை குட்டியைத் தரையில் விடாதீர்கள். குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அந்தந்த எடைக்கு. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். ஆட்டுக்கு வாங்கிய புழு ஊசியையும் மாட்டு உண்ணி மருந்தையும் இதற்குப் போடாதீர்கள். அந்தச் செறிவு குட்டியைக் கொன்றுவிடும்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது, தரை அதிராதபடி தள்ளி நின்று, தட்டை ஒரு கரண்டியால் தட்டிப் பாருங்கள். காது அசைந்தால் நிம்மதி. அசையாவிட்டால் வீட்டுக்குள் செல்லமாக வளரட்டும். வண்டியும் பாம்பும் வரும் தோட்டத்தில் இரவுக் காவலுக்கு அதை விடக் கூடாது.

கடைசியாக, உங்கள் தோட்டமே அதற்கு ஆபத்து. திராட்சை நாய்க்கு நஞ்சு. சில பழங்களே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கு எத்தனை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழத்திலிருக்கும் டார்டாரிக் அமிலமே காரணம் என்ற சந்தேகம் அண்மை ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. அந்த அமிலம் புளியிலும் மிகுதி என்பதால் குழம்புச் சோறும் ரசச் சோறும் அதன் தட்டுக்குப் போகக் கூடாது. அறுவடையின்போது பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள். மருந்து தெளிக்கும் நாளில் இலை காயும்வரை குட்டியை உள்ளே விடாதீர்கள். அது பழம் தின்றதைப் பார்த்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் அந்த நேரமே வண்டியை எடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, காலண்டரில் குறித்த எடைகளையும் குட்டி மண் தரையில் நிற்கும்போது முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களையும் அனுப்புங்கள்.