கட்சி மாறிய கிரகத்தில் யார் இருக்கிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

விண்வெளிப் பேரரசு விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 பழைய கேம்தான் என்றாலும் எனக்கு இப்போதுதான் கைக்கு வந்தது. சண்டையே போடாமல், பண்பாட்டுச் செல்வாக்கை மட்டும் வைத்து ஜெயிக்கப் பார்த்தேன். எதிரியான ட்ரெங்கின் பேரரசின் எல்லையில் செல்வாக்கைப் பரப்பும் விண்வெளி நிலையங்களை, அதாவது ஸ்டார்பேஸ்களை, கட்டினேன். ஒரு கிரகம் என் பக்கம் வந்தது. அடுத்தது வருவதற்குள் அவன் போர் அறிவித்து ஸ்டார்பேஸ்களை உடைத்துவிட்டு இப்போது என் தலைநகரை நோக்கி வருகிறான். எங்கே தப்பு செய்தேன்? எந்த இனத்தை எடுத்தால் இந்த வழி சுலபம்? நண்பர்கள் இதைக் கோழைகளின் வழி என்கிறார்கள். எனக்கும் ஒன்று தோன்றுகிறது: கிரகம் தானாக வந்து மடியில் விழும்போது ஜெயித்த சந்தோஷமே இல்லை. இந்த வழியை விட்டுவிடலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வழக்கமாகத் தனி மடலில் இரண்டு வரி பதில் போட்டு முடித்துவிடுவேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதி என்னை விடவில்லை. "தானாக வந்து மடியில் விழும்போது சந்தோஷமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படிச் சொல்வது என்று நானும் கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். எந்த இனம் என்று கேட்காதீர்கள். செல்வாக்குப் புள்ளி கூடுதலாக உள்ள இனத்தை எடுத்தால் கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். கோழை, வீரன் பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்கிற நண்பர்கள் எதிரியின் கிரகத்தைப் பிடிக்கும்போது அங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

போர் ஏன் வந்தது? இதில் உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். அடிமை முறையில் வாழ்கிற, டோரியன் என்ற இன்னோர் இனத்தையே ஒரு காலத்தில் அடிமையாக வைத்திருந்த ட்ரெங்கின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கப்பற்படையே இல்லாமல் அவன் எல்லையில் ஸ்டார்பேஸ் கட்டினால் அவன் சும்மா இருப்பான் என்று எப்படி நினைத்தீர்கள்? அந்த கேமில் கம்ப்யூட்டர் எதிரி உங்கள் படைபலத்தை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறான். இளைத்தவன் என்று தெரிந்தால் வருவான். பண்பாட்டு வழி என்றால் படை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. படை எல்லையில் நிற்க வேண்டும், சுடத் தேவையில்லாமல் நிற்க வேண்டும். அப்புறம், ஸ்டார்பேஸ் கட்டினால் மட்டும் போதாது. கன்ஸ்ட்ரக்டர் கப்பலை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி ஒவ்வொரு மாட்யூலாக, அதாவது கூடுதல் பாகமாக, சேர்க்க வேண்டும், அலுப்பான வேலை, அதில் பாதுகாப்பு மாட்யூலையும் சேர்க்க வேண்டும். எதிரியின் தலைநகரைக் குறிவைக்காமல், அவன் நேற்றுக் குடியேறிய, மக்கள் குறைந்த கிரகங்களின் பக்கத்தில் கட்டுங்கள். வணிகப் பாதைகளைத் திறந்துவையுங்கள். உங்களோடு வியாபாரம் செய்பவனுக்கு உங்களை அடிக்க யோசனை வரும். இப்போதைக்கு ஒரு தொழில்நுட்பத்தைக் கொடுத்தாவது சமாதானம் கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்வி முடிந்தது. இனி நான் சொல்ல வந்தது.

2006-இல் அந்த கேம் வந்து கொஞ்ச நாளில் அண்ணன் அதை வாங்கி வந்தான். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அதில் பலர் சேர்ந்து ஆடும் வசதி கிடையாது, அதனால் அவன் ஆடும்போது நான் பார்ப்பேன், நான் ஆடும்போது அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆலோசனை என்ற பெயரில் உயிரை எடுப்பான். அவன் எப்போதும் படைதான். நான் எப்போதும் செல்வாக்கு. மேப்பின் மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தில் ஒவ்வொரு பேரரசுக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தின் விளிம்பு ஆட்டத்தின் சுற்றுக்குச் சுற்று, டர்னுக்கு டர்ன், துளித்துளியாக நகரும். என் நிறம் ஒரு எதிரிக் கிரகத்தைச் சுற்றி வளைத்து, நடுவில் அவன் நிறம் பொட்டு மாதிரி சுருங்கி நிற்கும். அப்புறம் ஒரு டர்னில் அறிவிப்பு வரும், கிரகம் கட்சி மாறிவிட்டது என்று. அதில் கட்டியிருந்த தொழிற்சாலை, ஆய்வகம் எல்லாம் அப்படியே என்னிடம் வந்துவிடும். ஒரு தடவை அப்படி வந்தபோது, அதுவரை கிரகம் கிரகமாகக் குண்டு போட்டு முடித்த என் அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இதுல இருந்தவங்க இப்ப என்ன ஆனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. கேமிடமும் இல்லை.

அவன் வழியில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த கேமில் ஒரு கிரகத்தைத் தாக்கினால் அதைக் காப்பது தனியாக ஒரு காவற்படை இல்லை, அந்தக் கிரகத்தின் மக்கள்தொகை முழுவதும்தான். நீங்கள் அனுப்புகிற படையும் உங்கள் கிரகத்திலிருந்து ஏற்றிய மக்கள்தான். இரண்டு எண்களும் திரையில் கடகடவென்று குறையும். எதிரியின் எண் பூஜ்யத்துக்கு வந்தால் கிரகம் உங்களுடையது, மிச்சம் இருக்கிற உங்கள் சிப்பாய்கள்தான் இனி அங்கே குடிமக்கள். அதாவது பிடித்த கிரகத்தில் பழைய ஆள் ஒருவர்கூட இல்லை. வானிலிருந்து பாறைகளை எறிகிற முறையைத் தேர்ந்தெடுத்தால் கட்டடங்கள் நொறுங்கி, நிலத்தின் தரமும் கெட்டுப்போகும். உங்கள் நண்பர்கள் வீரம் என்று சொல்வது இதைத்தான். செல்வாக்கு வழியில் மட்டும்தான் அந்த மக்கள் உயிரோடு இருக்கிறார்கள். தம்பி, இந்த ஒரு காரணம் போதும் அந்த வழியை நீங்கள் விடாமல் இருப்பதற்கு.

ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் யார்? அந்த கேமுக்கு அவர்கள் வெறும் எண். நேற்றுவரை ட்ரெங்கின், இன்று நீங்கள். அவர்களுடைய பேச்சு, நம்பிக்கை, கோபம் எதுவும் கூட வரவில்லை. உங்களுக்குச் சந்தோஷம் வராததன் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். யாரோ ஒருவர் உங்களிடம் வந்தால் சந்தோஷம் இருக்கும். இங்கே யாரும் வரவில்லை, வரைபடத்தில் ஒரு நிறம் மாறியது, அவ்வளவுதான். அதிலும் அந்தக் கணக்கில் அவர்கள் யார் என்பதற்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. அடிமைகளை வைத்து வாழும் ட்ரெங்கினும், நல்லவர்களாக நடக்க முயலும் ஆல்டேரியன் இனமும் ஒரே வாய்பாட்டில்தான் சாய்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, அவர்கள் சத்தம் என் சத்தத்தில் அமுங்கியதும் வீடு என்னுடையது என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990-இல் மென்சக்தி என்ற கருத்தை முன்வைத்தபோது சொன்னதன் சாரம், அதட்டாமலும் காசு கொடுக்காமலும் ஈர்ப்பினால் காரியம் நடப்பது. ஈர்ப்பு என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒரு மனம் இருக்க வேண்டும். அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நாம் கவனிக்க வேண்டும். இந்த வகை கேம்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. 1993-இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி கேம் வெளிவந்தபோதுதான் கேம்களைப் பற்றி எழுதும் ஆலன் எம்ரிச் இந்த வகைக்கு நான்கு எக்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார், ஆங்கிலத்தில் எக்ஸ் ஒலியில் தொடங்கும் நான்கு வேலைகளை வைத்து: ஆராய்வது, விரிவது, சுரண்டுவது, அழிப்பது. நான்கில் எதுவும் இன்னொருவரைக் கவனிப்பது இல்லை, பாருங்கள். அந்த கேமிலேயே சண்டை இல்லாமல் ஜெயிக்க ஒரு வழி இருந்தது, பேரரசுகளின் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்க வேண்டும். ஆனால் ஓட்டு மக்கள்தொகையைப் பொறுத்தது. நிறையக் கிரகத்தை விழுங்கியவனிடம்தான் நிறைய ஓட்டு.

2008-இல் வந்த சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயரைப் பலர் இந்த விஷயத்தில் புகழ்வார்கள். அழகான அமைப்புதான், மறுக்கவில்லை. பண்பாடு அங்கே கிரகங்களுக்கு இடையிலுள்ள பாதைகளில் நீரோட்டம் மாதிரி போகும், எதிரியின் பண்பாடு எதிரே வந்தால் முட்டி நிற்கும். தலைநகரிலிருந்து தூரமாக இருக்கும் கிரகத்துக்கு விசுவாசம் குறைவு, அதனால் அதுதான் முதலில் போகும். இது உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற கவனிப்பு. ஆனால் அதில் உள்ள மூன்று இனங்களில் ஒன்றான அட்வென்ட் இனத்தின் மிகப் பெரிய ஆயுதத்தைப் பாருங்கள்: மற்ற இருவருக்கும் அந்த இடத்தில் பீரங்கி இருக்கிறது, இவர்களுக்குப் பண்பாட்டை வீசுகிற இயந்திரம். பண்பாடு கடைசியில் பீரங்கி வரிசையில்தான் வந்து நிற்கிறது.

இதற்கு மாறாக ஒரு பழைய கேமைச் சொல்கிறேன். 1996-இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2-இல் பண்பாட்டு வெற்றி என்று எதுவும் கிடையாது. படை இறக்கித்தான் கிரகத்தைப் பிடிக்க வேண்டும், இல்லை என்றால் மனதை ஆளும் இனமாக இருக்க வேண்டும். இருந்தும் அந்த கேம் பிடிபட்டவர்களை மறக்கவில்லை. சைலான் என்ற இனத்தின் கிரகத்தைப் பிடித்தால் அங்கே இருப்பவர்கள் சைலான்களாகவே இருப்பார்கள், ஆராய்ச்சியில் அவர்களுக்கு உள்ள திறமையோடு. அவர்கள் முகம் திரையில் உங்கள் ஆட்களின் முகத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். உடனே உங்களவர்கள் ஆகிவிட மாட்டார்கள், ஒவ்வொருவராக, டர்ன் டர்னாக, மெதுவாகத்தான் கலப்பார்கள். அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பது உங்கள் ஆட்சி முறையைப் பொறுத்தது. ஜனநாயகத்தில் சீக்கிரம் நடக்கும், எல்லோரும் ஒரே மனமாக இயங்கும் ஆட்சியில் இழுத்துக்கொண்டே போகும். செல்வாக்கு என்ற எண்ணே இல்லாத அந்த கேம், ஒரு சமூகம் வேற்றாளை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பண்பாட்டு வெற்றி வைத்திருக்கும் பல கேம்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

அதன் அடுத்த படி ஸ்டெல்லாரிஸ். 2016-இல் வந்தது. அதிலும் செல்வாக்கு என்று ஒன்று உண்டு, ஆனால் அது எல்லையில் புறக்காவல் நிலையம் கட்டவும் உரிமை கோரவும் செலவழிக்கிற பண்டம், அதை விட்டுவிடுங்கள். நான் சொல்வது அங்கே இருக்கும் மக்களை. ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. போரை விரும்புபவர், வெறுப்பவர், அந்நியரை வரவேற்பவர், அஞ்சுபவர், பொருளை நம்புபவர், ஆன்மாவை நம்புபவர். குடியேற்ற ஒப்பந்தம் போட்டு நீங்கள் உள்ளே விட்டவர்களும், போரில் சேர்த்துக்கொண்டவர்களும் அந்தக் கொள்கையோடுதான் வருவார்கள். போதுமான ஆள் சேர்ந்ததும் ஒரு கட்சி உண்டாகும். அந்தக் கட்சி உங்களிடம் கோரிக்கை வைக்கும், அது நடக்கவில்லை என்றால் முகம் சுளிக்கும். கடைசியில் அந்தக் கட்சியைத் தழுவிக்கொள்ளும் வசதியும் உங்களுக்கு உண்டு. தழுவினால் உங்கள் பேரரசின் கொள்கையே அவர்கள் பக்கம் நகரும். புரிகிறதா தம்பி? நீங்கள் சேர்த்துக்கொண்டவர்கள் உங்களை மாற்றுகிறார்கள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நண்பர்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்கு. ஒரு பக்கமாக மட்டும் ஓடுகிற பண்பாட்டை நான் பண்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயிரம் கிரகங்களைச் சேர்த்த பிறகும் முதல் டர்னில் இருந்த அதே பேரரசாக நீங்கள் இருந்தால், நீங்கள் யாரையும் ஈர்க்கவில்லை, மூடி மறைத்திருக்கிறீர்கள். செல்வாக்கை ஆயுதமாக நினைத்து ஆடினால் அது மெதுவான பீரங்கிதான். மெதுவான பீரங்கி அலுக்கத்தான் செய்யும். உங்கள் அலுப்பு நியாயமானது, ஆனால் அதைக் காரணம் காட்டி வேகமான பீரங்கிக்குப் போகாதீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

ஒன்று செய்யுங்கள். ஸ்டெல்லாரிஸில் பொருளை நம்புகிற பேரரசாகத் தொடங்குங்கள். ஆன்மாவை நம்புகிற ஓர் அண்டைப் பேரரசைத் தேடிப்பிடித்துக் குடியேற்ற ஒப்பந்தம் போடுங்கள். அவர்கள் முதலில் கொஞ்சம் பேர் வருவார்கள், உங்கள் ஆய்வகங்களில் வேலை செய்வார்கள், ரோபோக்களைப் பார்த்து எரிச்சல் அடைவார்கள், பிறகு அவர்களுக்கென்று ஒரு கட்சி வரும். அவர்களை அடக்கும் வழியும் கேமில் இருக்கிறது, தழுவும் வழியும் இருக்கிறது, இரண்டுக்கும் விலை இருக்கிறது. இரண்டையும் தனித்தனி சேவில், அதாவது சேமித்த ஆட்டத்தில், வைத்து ஆடிப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அயர்ன்மேன் முறையில் ஆடுங்கள், அதில் ஒரே ஒரு சேவ்தான், பின்னால் போய் மாற்ற முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதோடு கடைசிவரை ஆடிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா