வாசகர் கேள்வி – பதில்: "நல்லா இருக்கு" என்றால் நம்பலாமா?

மனிதர்களும் கணினியும் பழகும் விதத்தை ஆராயும் துறை குறித்து வந்த கேள்விகள் இந்த இதழில்.

கோயில் தமிழ் வகுப்புக்காக ஒரு செயலி செய்திருக்கிறோம். பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். ஆயா, தாத்தாக்களிடம் காட்டினால் "நல்லா இருக்கு" என்கிறார்கள். பிறகு திறப்பதே இல்லை. எதை நம்புவது? எத்தனை பேரிடம் சோதிப்பது?
– வாசகி, சாட்ஸ்வர்த்

திறக்காததை நம்புங்கள். "நல்லா இருக்கு" என்பது செயலிக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, உங்கள் மனம் நோகக் கூடாதே என்ற அன்பு. 2012இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்று இதை அளந்தே காட்டியது. ஒரே பொருளை இரண்டு போலக் காட்டி, ஒன்று பேட்டி எடுப்பவர் செய்தது என்று நம்பவைத்தார்கள். அதையே மேல் என்று சொல்லும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடியது. மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் கேட்டபோது ஐந்து மடங்கு. உங்கள் வீட்டில் கேட்பது பேரப்பிள்ளை! ஆகவே செயலியில் பங்கில்லாத ஒருவர் சோதனையை நடத்தட்டும். கருத்துக் கேட்க வேண்டாம், வேலை கொடுத்துப் பார்க்கட்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஆய்வாளர்கள் நீல்சனும் லேண்டாவரும் 1993இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 விழுக்காடு குறைகள் தெரியவரும். ஐந்து பேரில் அது 85 விழுக்காட்டை எட்டும். இந்த ஐவரும் ஒரே வகையினராக இருக்க வேண்டும். பிள்ளைகள் மூவர், முதியவர் இருவர் என்று கலந்தால் இரண்டு கூட்டத்தின் குறைகளும் அரைகுறையாகவே தெரியும். முதியவர் ஐவரைப் பாருங்கள், கண்ட குறைகளைத் திருத்துங்கள், பிறகு புதிதாக ஐவரை அழையுங்கள். ஒரே தடவையில் பதினைந்து பேரை உட்காரவைப்பதைவிட இது பயன் தரும், ஏனென்றால் திருத்தம் சரியா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

ஒருவருக்கு முப்பது, நாற்பது நிமிடம் போதும். அதற்குமேல் கண் சோர்ந்துவிடும். அவரவர் கைப்பேசி, அவரவர் டேட்டா, அவரவர் மூக்குக்கண்ணாடி. உங்கள் புதுக் கைப்பேசியையும் வைஃபையையும் கொடுத்தால் உண்மையான தடைகள் கண்ணில் படாது. நினைவகம் நிரம்பியிருப்பது, பழைய ஆண்ட்ராய்டு, எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்தளவை உச்சத்தில் வைத்திருப்பது. எழுத்துப் பெரிதானால் நீளமான தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும், "அடுத்து" பொத்தான் திரைக்குக் கீழே போய் மறையும். கீழே தள்ளிப் பார்க்கத் தோன்றாதவருக்குச் செயலி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்று அல்லது நான்கு வேலைகள் கொடுங்கள். "கால அட்டவணையை அழுத்துங்கள்" என்றால் விடையைச் சொல்லிவிட்டீர்கள். "வருகிற வெள்ளிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு நின்றால் "இப்போ என்ன பார்க்கிறீங்க?" என்பதோடு சரி. "இதை அழுத்தட்டுமா?" என்று கேட்டால், "நான் பக்கத்தில் இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். முதல் விரல் எங்கே போனது, எங்கே பின்வாங்கியது, தானாக முடித்தாரா, உதவியோடா, விட்டுவிட்டாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொறுக்கமுடியாமல் பேரன் கை நீட்டினால் அந்த வேலை "உதவியோடு" என்ற கணக்கில்தான் சேரும்.

குரலையோ திரையையோ பதிவு செய்வதானால் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (போப்பியா) 2021 ஜூலை 1 முதல் முழு நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.

பத்து வாக்கியப் படிவம் ஒன்று இருக்கிறதாமே, அதை நிரப்பச் சொன்னால் போதாதா?
– வாசகர், லெனேசியா

ஒரு செயலி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். (System Usability Scale) படிவத்தைச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்களில் குறித்த எண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள். இரட்டைப்படையில் 5இலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். கூட்டி 2.5ஆல் பெருக்கினால் நூற்றுக்கு மதிப்பெண்; 68 சராசரி என்பார்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் எல்லாம் குறை சொல்பவை. இதைக் கவனிக்காமல் அன்பு மிகுதியில் எல்லாவற்றுக்கும் 5 போடுபவரின் மதிப்பெண் சரியாக 50 வரும். அப்படிப்பட்ட தாளை ஒதுக்கிவிட்டு, வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி மறுபடி கேளுங்கள். எப்படியானாலும் இது எங்கே இடறுகிறது என்று சொல்லாது. நேரில் பார்த்த பிறகு சேர்க்கும் துணைதான்.

இது கணினித் துறையா, உளவியலா? என் மகள் எதைப் படிப்பது?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஒரே துறைக்குள் அடங்காது. நம் நாட்டு உதாரணம் கேப் டவுனில் உருவான சைன்சப்போர்ட். செவித்திறன் இல்லாதவர் மருந்துக் கடையில் மருந்தாளரோடு பேச உதவும் கைப்பேசிச் செயலி. முதலில் மருத்துவரோடு பேசத்தான் திட்டமிட்டார்கள். அந்த உரையாடல் எந்தப் பக்கமும் திரும்பும், முன்கூட்டியே பதிவு செய்து வைக்க முடியாது. மருந்து கொடுக்கும் பேச்சோ எல்லைக்குட்பட்டது: எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள். மருந்தாளர் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுக்க, எதிரில் இருப்பவர் சைகைமொழிக் காணொளியைப் பார்க்கிறார். காணொளிகள் கைப்பேசியிலேயே இருப்பதால் டேட்டா செலவில்லை. நிரல் எழுதுபவர், வடிவமைப்பாளர், மருந்தாளர், சைகைமொழி பெயர்ப்பாளர், செவித்திறன் இல்லாத சமூகத்தார், இவர்களில் ஒருவர் குறைந்தாலும் இது உருவாகியிருக்காது. மகளுக்கு எது பிடிக்குமோ அதை முதன்மைப் பாடமாக எடுக்கட்டும். கணினி எடுத்தால் புள்ளியியலும் உளவியலும், உளவியல் எடுத்தால் கொஞ்சம் நிரல் எழுதவும் துணையாகப் படிக்கட்டும்.

ஆயா ஒன்றை அழுத்தினால் வேறேதோ திறக்கிறது. கண் கோளாறா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பெரும்பாலும் பொத்தான் கோளாறு. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் ஆக, தொட அதிக நேரம் பிடிக்கும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954லேயே சூத்திரம் தந்தார். அவசரப்பட்டால் விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிடும். பொத்தானின் அளவாக ஆண்ட்ராய்டு பரிந்துரைப்பது சுமார் 9 மில்லிமீட்டர். முதியவர்களுக்கு 12க்குக் குறையாமல், நடுவே இடைவெளி விட்டு வையுங்கள் என்போம். இன்னொரு காரணமும் உண்டு: மெதுவாக அழுத்தும் விரல் அரை விநாடி தங்கினாலே கைப்பேசி அதை "நீண்ட அழுத்தம்" என்று எடுத்துக்கொண்டு வேறு பட்டியலைத் திறக்கும். அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை "நீளம்" என்று மாற்றிவிடுங்கள்.