61 நாள் சும்மா கிடக்கும் எஞ்சின்: கேள்வியும் பதிலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சின் அத்தனை நாளும் உப்புக் காற்றில் அசையாமல் கிடக்கும். ஓடும்போது வராத கோளாறு பலவும் இப்படிக் கிடக்கையில்தான் வருகிறது. தடைக்கு முன் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

உவரி: அண்ணாச்சி, தடை முடிஞ்சு கடலுக்குப் போறப்ப ஆயில் மாத்திக்கிடலாம்னு டிரைவர் சொல்லுதாரு. இப்பவே மாத்துனா புது ஆயில் வீணாப் போயிராதா?

வீணாகாது தம்பி. பழைய ஆயிலில் கரியும் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது இரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்றால் பேரிங்கைப் பொட்டுப் பொட்டாக அரித்துவிடும். கடைசித் தொழிலுக்குப் போய்த் திரும்பிய அன்றே, எஞ்சின் சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடித்துவிடுங்கள். சூட்டில்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். ஃபில்டரையும் மாற்றி, 15டபிள்யூ-40 கிரேடு ஆயிலை அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில், அதாவது வேகம் கூட்டாமல், ஓட்டுங்கள். அப்போதுதான் புது ஆயில் எல்லாப் பாகத்திலும் படியும். அதே ஆயிலோடு ஜூனில் கடலுக்குப் போகலாம்.

வடித்த ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் கூலரா, ஹெட் கேஸ்கட்டா என்று கண்டுபிடிக்காமல் புது ஆயில் ஊற்றாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கூத்தங்குழி: கடல் தண்ணிப் பாதையைக் கழுவ, ஹோஸை நேரா சொருகி குழாயைத் திறந்து விட்டாப் போதும்லா?

அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். எஞ்சினைக் குளிர்வித்த கடல் தண்ணீரைப் புகைக்குழாயில் கலந்து வெளியே தள்ளுகிற எஞ்சினில், எஞ்சின் ஓடாதபோது அழுத்தத்தோடு தண்ணீர் விட்டால் அதை வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டு வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

சரியான முறை இது. கடல் தண்ணீர் படகுக்குள் வருகிற கடல் வால்வை மூடி, பம்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றி நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் போடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் 15 நிமிடமாவது ஓட்டுங்கள். பம்பு இழுக்கிற வேகத்துக்கு டிரம் சீக்கிரம் வற்றும், அதனால் தொடர்ந்து நிரப்ப ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். வறண்டு ஓடினால், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் சூட்டில் கிழியும். முதலில் டிரம்மை எடுக்காமல், எஞ்சினை நிறுத்திவிட்டு ஹோஸை எடுங்கள்.

அடுத்து, எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், மேனிஃபோல்டு, ஆயில் கூலர் ஆகியவற்றின் வடிகால் பிளக்குகளைத் திறங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நினைத்துவிட வேண்டாம். மணலும் உப்பும் துளையை அடைத்திருக்கும், கம்பியால் குத்தி விடுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

இம்பெல்லரைக் கழற்றி நிழலில் வையுங்கள். பம்புக்குள்ளேயே விட்டால் இதழ்கள் மடங்கியபடியே இறுகிப்போகும். ஓர் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும், பெரும்பாலும் அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் மாட்டியிருக்கும். திரும்பப் பொருத்தும்போது கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.

இடிந்தகரை: நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது? கூலண்ட் எதுக்கு அண்ணாச்சி?

உறையாது. ஆனால் எஞ்சினுக்குள் சுற்றி வந்து சூட்டை எடுக்கிற கூலண்டில் துருத் தடுப்பு மருந்தும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நம் கரையோரத்துப் போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பாகப் படியும். நிறுத்தும்போது நிறைத்தே வையுங்கள்.

கூட்டப்புளி: வாரம் ஒருக்க அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துதோம். நல்லதுதானே?

கெடுதல். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரிந்த டீசலில் வருகிற நீராவி குளிர்ந்த சிலிண்டர் சுவரிலும் புகைக்குழாயிலும் தண்ணீராகப் படியும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். அதற்குப் பதில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்து வைத்துக்கொண்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, சுற்றும் திசையிலேயே கையால் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்றும் ஒரு கால் சுற்றும் போதும். கால் சுற்று கூடுதலாகத் திருப்பினால் பிஸ்டன் ரிங் போன வாரம் நின்ற இடத்திலேயே மறுபடி நிற்காது.

காற்று வாயையும் புகை வாயையும் ஆயில் துணி வைத்து அடையுங்கள். அடைத்திருப்பதை அட்டையில் எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள், மறந்து ஸ்டார்ட் செய்கிறவர்கள் உண்டு.

பெருமணல்: டீசல் டேங்க் நிறைஞ்சு இருக்கணுமா, காலியா இருக்கணுமா?

நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் துடைத்துக் காயவைத்துக் காலியாக இருக்க வேண்டும். பாதி டேங்க்தான் ஆபத்து. இரவில் குளிரும்போது வெற்றிடத்துச் சுவரில் வியர்த்து, தண்ணீர் அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் கருப்பு வழவழப்பாகப் பாசி போல வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். எதைச் செய்தாலும் முதலில் அடி வால்வைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள்.

உவரி: பேட்டரியை சிமெண்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கிரும்ங்காங்களே?

இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிக்கு அது பொருந்தாது. வெக்கையில் தானாகவே இறங்கும். முதலில் நெகட்டிவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் நிழலில் வையுங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4க்குக் கீழ் போகவிடாமல் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

சேரன்மகாதேவி: எங்களுக்கு வயல் பம்புசெட் டீசல் எஞ்சின்தான். பிசான நெல் அறுத்த பிறகு சும்மா நிக்குது.

ஆயில், டீசல், கையால் திருப்புவது, மூன்றும் அப்படியே பொருந்தும். தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் பிளாக் தண்ணீரை வடித்துவிடுங்கள். நிமிர்ந்த புகைக்குழாய்க்குச் சிரட்டை கவிழ்ப்பது நல்ல வழக்கம். மழை இறங்காது, குளவியும் உள்ளே மண்கூடு கட்டாது.

கூத்தங்குழி: தடை முடிஞ்சு முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன பாக்கணும்?

அடைப்புத் துணிகளை எடுத்து, இம்பெல்லரைப் பொருத்தி, கழற்றிய பிளக்குகளை எண்ணிப் பார்த்து மாட்டுங்கள். டீசல் லைனில் காற்றை எடுத்துவிட்டு, கடல் வால்வைத் திறங்கள். கையால் இரண்டு சுற்றுத் திருப்பும்போது எங்காவது இறுக்கமாக முட்டினால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருங்கள். முட்டவில்லை என்றால் ஸ்டாப் லீவரை இழுத்தபடி பத்துப் பத்து விநாடியாகச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்குள் புகைவாயில் தண்ணீர் தெறிக்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்தி, வால்வையும் இம்பெல்லரையும் பாருங்கள்.