‘கெட்’ என்ற வினைச்சொல்: அடுத்து வருவதைப் பாருங்கள்

கேள்வி: “ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே” என்றேன். “நீங்களே வெட்டிக்கொண்டீர்களா?” என்று அலுவலகத் தோழி கேட்டுவிட்டார். ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’ சேர்க்க வேண்டுமாம். அகராதியில் ‘கெட்’டுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

பதில்: அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அர்த்தம் பிடிபட்டுவிடும்.

முதலில் உங்கள் முடி. “முடி வெட்டிக்கிட்டேன்” என்றால் சலூனுக்குப் போய்வந்ததாகத் தமிழில் யாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் வேறொருவர் செய்த வேலை என்பதை வாக்கியமே காட்ட வேண்டும்: “ஐ காட் மை ஹேர் கட்.” பேச்சுவாக்கில் ஆங்கிலேயர் சிலரும் உங்களைப் போலவே சொல்வதுண்டு. ஆனால் பல் பிடுங்கிய விஷயத்தில் அப்படிச் சொன்னால் நீங்களே குறடை எடுத்ததாகிவிடும்.

இதில் சொல் வரிசைதான் உயிர்: ‘காட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். “ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்” சரி. “ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்” தவறு. தமிழில் ‘சரிபண்ணி வாங்கினேன்’ என்று இரண்டு வினையும் ஒட்டியே வரும். அந்தப் பழக்கம்தான் இங்கே இடறுகிறது. வேலை செய்தவரையும் சொல்வதானால் ‘டு’ கட்டாயம்: “ஐ காட் த மெக்கானிக் டு செக் த பிரேக்.” அதே இடத்தில் ‘ஹேட்’ போட்டால் ‘டு’ வராது: “ஐ ஹேட் த மெக்கானிக் செக் த பிரேக்.”

நடுவில் பொருள் இல்லாமல் மூன்றாம் வடிவம் மட்டும் வந்தால் பெரும்பாலும் நம் ‘வாங்கு’தான். திட்டு வாங்கினான் என்பது “ஹி காட் ஸ்கோல்டட்.” தமிழர்களுக்கு இது எளிது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பெயரடை வந்தால் ‘ஆகு’. “ஐ ஆம் டயர்ட்” என்பது இப்போதைய நிலை. “ஐ காட் டயர்ட்” என்பது களைத்துப்போன மாற்றம். கல்யாண வருஷத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். “ஐ ஆம் மேரீட்” சரி, ஆனால் வருஷம் சேர்ந்தால் “ஐ காட் மேரீட் இன் 2015.” யாரோடு என்பதற்கு ‘வித்’ வேண்டாம், ‘டு’ போடுங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் ‘கிடைத்தது’ அல்லது ‘வாங்கினேன்’. இடம் வந்தால் ‘போய்ச் சேர்ந்தேன்’. “ஐ காட் ஹோம் அட் 9” என்னும்போது ‘ஹோ’முக்கு முன் ‘டு’ கிடையாது.

வண்டியில் கவனம் தேவை. ‘இறங்கு’ என்பதை அப்படியே மாற்றி “கெட் டவுன் ஃப்ரம் த பஸ்” என்கிறோம். இந்தியாவில் புரியும், வெளிநாட்டவருக்கு உயரமான இடத்திலிருந்து இறங்குவது போலக் கேட்கும். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கும், ஏறி உட்காரும் பைக்குக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து உள்ளே நுழையும் கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’.

பேச்சுக்கு ‘கெட்’ எவ்வளவு போட்டாலும் தகும். வேலை விண்ணப்பத்திலும் வங்கிக் கடிதத்திலும் மட்டும் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்பதை ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ என்று மாற்றி எழுதுங்கள்.