காது கொடுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் இசை பற்றிக் கேட்டவையே அதிகம். காது, மூக்கு, தொண்டை பார்க்கிறவனிடம் மூளையைப் பற்றிக் கேட்கிறார்களே என்று முதலில் சிரித்தேன். காது வெறும் வாசல்தான். உள்ளே போன விருந்தாளி என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு. சரி, பார்ப்போம்.

ஒரு பாட்டில் குறிப்பிட்ட இடம் வந்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. இன்னுமா சிலிர்க்கும்? – கல்லூரி மாணவி

பல தடவை கேட்டதாலும்தான் சிலிர்க்கிறது. 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உங்களைப் போல் சிலிர்ப்பவர்களாகவே தேடிப் பிடித்து, அவரவருக்குப் பிடித்த இசையைப் போட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிலிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது, நல்ல சாப்பாட்டுக்கு மகிழ்கிற அதே பகுதி துடிப்பாக இருந்தது. மகிழ்ச்சியோடு தொடர்புள்ள டோபமைன் என்கிற மூளை ரசாயனமும் சுரந்தது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது இன்னொன்று: உச்சம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே வேறொரு பகுதி விழித்துக்கொண்டுவிட்டது. 'இதோ, வரப்போகிறது' என்று மூளை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பிலேயே பாதி சுகம்.

இந்த ஊகிக்கிற பழக்கம் நாம் பிறக்கும்போதே இருக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் தாளம் கேட்க வைத்தார்கள். முக்கியமான அடி ஒன்றை விட்டுவிட்டால் அவர்களின் மூளை அலை அதைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்று அந்தப் பிஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது! இசையமைப்பாளர்கள் இந்த ஊகத்தோடுதான் விளையாடுகிறார்கள். எதிர்பார்த்ததைக் கொடுப்பார்கள், ஒரு கணம் தாமதிப்பார்கள், ஒற்றைக் குரலுக்குப் பின் திடீரென்று பல குரல்களைச் சேர்ப்பார்கள். அந்த இடம் வரும் நேரம் பார்த்து யாராவது வந்து பேசினால் கோபம் வருகிறதே, அதற்கும் இதுதான் காரணம் என்பது என் கட்சி.

என் கணவருக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது. 'எதற்கு இந்தச் சத்தம்' என்பார். ஈரமில்லாத மனிதரா இவர்? – ஒரு வாசகி

அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள் அம்மா. காது நன்றாகக் கேட்கும், சோகப் பாட்டு எது, குதூகலப் பாட்டு எது என்று சொல்லவும் தெரியும், ஆனால் உள்ளே ஒன்றும் அசையாது. அப்படிச் சிலர் உண்டு. 2014-இல் பார்சிலோனாவில் அவர்களைச் சோதித்தார்கள். பணம் ஜெயிக்கிற விளையாட்டில் மற்றவர்களைப் போலவே உற்சாகமானார்கள். இசைதான் அவர்களைத் தொடவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்த வகையா, அல்லது நீங்கள் பாட்டுப் போடுகிற நேரம்தான் தகராறா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

மோட்ஸார்ட் இசை கேட்டால் குழந்தை புத்திசாலி ஆகுமா? – கர்ப்பிணி

ஆகாது. 1993-இல் 36 கல்லூரி மாணவர்களை, மோட்ஸார்ட் என்கிற ஐரோப்பிய இசையமைப்பாளரின் இசையைப் பத்து நிமிடம் கேட்க வைத்தார்கள். ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலனும் போய்விட்டது. அந்த ஆய்வில் குழந்தைகளைச் சோதிக்கவே இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கு இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். உங்களுக்குப் பிடித்தால் கேளுங்கள், அது போதும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. 'தண்ணீர்' என்று கேட்கக்கூட வரவில்லை. பழைய பாட்டுப் போட்டால் வரி தவறாமல் பாடுகிறார். நடிக்கிறாரோ என்று தம்பி சந்தேகப்படுகிறான். – ஒரு மகள்

தம்பியைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். நடிப்பே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கோக்கிற வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. அங்கே அடிபட்டால் சொல் அகப்படாது. ஆனால் ஆயிரம் தடவை பாடி ஊறிப்போன வரிகளுக்கு வேறு பாதையும் இருக்கிறது. ஒரு வரி முடிகிறபோதே அடுத்தது தானாக வந்து நிற்கும், யோசித்து எடுக்க வேண்டியதில்லை.

1973-இல் பாஸ்டன் மருத்துவர்கள் இதையே சிகிச்சையாக ஆக்கிப் பார்த்தார்கள். தேவையான சின்ன வாக்கியத்தை இரண்டே சுரத்தில், இடது கையால் தட்டிக்கொண்டே பாட வைத்து, மெல்ல மெல்லப் பேச்சாக மாற்றுவது. பலிப்பது மெட்டினால் அல்ல, தாளத்தினாலும் பழகிய வரிகளாலும்தான் என்று பின்னால் வந்த ஜெர்மன் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எனக்கும் தாளத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். நடையும் அசைவும் தடுமாறுகிற பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் சீரான தாளம் கேட்டால் நீளமாக எட்டு வைத்து நடக்கிறார்கள். பாடுகிறார் என்பதால் பேச்சு தானாகத் திரும்பிவிடாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள், பாடுகிறார் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

தனியாக வசிக்கிறேன். சேர்ந்திசைக் குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஸ்ருதி நிற்காது. போகலாமா? – ஓய்வுபெற்றவர்

போங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு வகுப்பு, கைவேலை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஏழு மாதம் கவனித்து 2015-இல் எழுதினார்கள். கடைசியில் மூன்றிலுமே நெருக்கம் ஒரே அளவுதான். பாடியவர்கள் மட்டும் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். சேர்ந்து மூச்சு வாங்கி, ஒரே நேரத்தில் வாய் திறந்தால் கூச்சம் சீக்கிரம் கழன்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். ஸ்ருதியைப் பக்கத்தில் நிற்பவர் பார்த்துக்கொள்வார்.

ஹெட்ஃபோனில் எவ்வளவு நேரம் கேட்கலாம்? – பள்ளி மாணவன்

அப்பாடா, இது என் சொந்தப் பேட்டை! நேரத்தை மட்டும் கேட்கிறாய், சத்தத்தையும் கேள் தம்பி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: சத்தத்தை அளக்கிற அலகான டெசிபலில் 80 என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான், 100-இல் சுமார் 20 நிமிடம். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் மனிதருக்குச் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. என்னிடம் வருகிற இளைஞர்கள் பலர் பஸ் இரைச்சலை அமுக்கத்தான் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். வெளிச்சத்தத்தைக் குறைக்கிற ஹெட்ஃபோன் இருந்தால் கூட்டத் தேவையே வராது. பாட்டை நிறுத்திய பிறகும் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டால் அன்று அதோடு விட்டுவிடு. மறுநாளும் நிற்கவில்லை என்றால் வீட்டில் சொல்லிச் செவித்திறன் பரிசோதனைக்கு வா.