கிளாரண்டன்: ஒரு கடிதம்

வணக்கம்.

ஆங்கிலம்–தமிழ் கலைச்சொல் அகராதி ஒன்றைத் தொகுத்து வருகிறேன். ஆங்கிலத் தலைச்சொற்களைக் கிளாரண்டன் ஃபான்ட்டில், போல்டில் போட்டுப் பார்த்தேன். பிடித்திருக்கிறது. நண்பரோ, “இது கௌபாய் போஸ்டர் எழுத்து, அகராதிக்கு ஒட்டாது” என்கிறார். எனக்கானால் ஆங்கில முன்னுரையையும் அதிலேயே அமைக்க ஆசை. என்ன சொல்கிறீர்கள்?
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் பிற்பாதிக் கதையை மட்டும் கேட்டிருக்கிறார். போஸ்டர்களில் அது கொடிகட்டிப் பறந்தது உண்மை. ஆனால் 1845-ல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் அச்செழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி இதை வெளியிட்டது வேறு தேவைக்காக. அதுவரை தடித்த எழுத்து என்றால் பெரும்பாலும் விளம்பரத்துக்கான குண்டு எழுத்துகள்தான். அவற்றை ஒரு வரிக்குள் செருகினால் துருத்திக்கொண்டு நிற்கும். சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் அடக்கமாக உட்கார்ந்து, அதே சமயம் கண்ணில் படவும் வேண்டும் என்று செய்யப்பட்டது கிளாரண்டன். அகராதி அதற்குத் தாய்வீடு என்றே சொல்லலாம். வடிவத்துக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு 3 ஆண்டுகள்தான். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் நகல் எடுக்கத் தொடங்கிவிட்டன.

சின்ன ‘ஆர்’ எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நுனியில் ஓர் உருண்டை இருக்கும். பெரிய ‘ஆர்’ என்றால் வலது கால் தரையைத் தொட்டு மேலே சுருளும். எழுத்தின் நிமிர்ந்த தண்டும் அதன் அடியில் குறுக்காக இருக்கும் சிறு கட்டையும் சேருமிடத்தில் வெட்டு இல்லை, வளைவு இருக்கிறது. தடிமன் இருந்தும் முரட்டுத்தனம் தெரியாததற்கு இந்த வளைவுதான் காரணம் என்பது என் எண்ணம். மெல்லிய கோடுகளும் ஓரளவு தடிமனாகவே இருக்கும். போடோனி என்ற ஃபான்ட்டில் அப்படியில்லை, தடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை. மட்டமான தாளில் அந்த இழை காணாமல் போய்விடும். கிளாரண்டன் தாங்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பெயர்ப்பலகைகளில்கூட நெடுங்காலம் இருந்தது.

முன்னுரைக்கு வேண்டாம். சுற்றிலும் மெல்லிய எழுத்து இருந்தால்தான் தடித்தது எடுப்பாகத் தெரியும். பக்கம் முழுக்க அதையே நிரப்பினால் எல்லாமே கறுப்பு, படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே கண் வலிக்கும்.

அப்புறம், மென்பொருளில் ‘பி’ பொத்தானை அழுத்தித் தடிமனாக்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். சில மென்பொருள்கள் எழுத்தின் ஓரத்தை ஒரே சீராக வீங்க வைக்கும், அவ்வளவுதான். சின்ன ‘ஏ’ (a), ‘ஈ’ (e) எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொள்ளும். போல்டுக்கென்று தனியாக வரைந்த கோப்பு இருக்கும், அதை நிறுவுங்கள். அச்சாகப் போகும் அதே அளவில், அதே தாளில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. திரையை நம்ப முடியாது.

தலைச்சொற்களை முழுக்க கேப்பிட்டலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த உருண்டை நுனிகள் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கின்றன. தவிர, எது சிறப்புப்பெயர், எது பொதுச்சொல் என்று படிப்பவருக்குத் தெரியாமலும் போய்விடும்.