எண்ணும் முன் ஒரு கேள்வி: எது சொல்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைக் கணினியில் இட்டு, அதிகமாக வரும் சொல் பெரிய எழுத்தில் தெரியும் ‘சொல் மேகம்’ ஒன்றை உருவாக்கினேன். ‘தமிழ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தம’ என்று வந்தது. தவறு என்னுடையதா?
– தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: உங்களுடையது அன்று. நம் கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’, கணினிக்குள் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக இருக்கிறது. சொல் மேகம் வரைவதற்குப் பலரும் பயன்படுத்தும், பைத்தான் என்ற கணினிமொழியில் எழுதப்பட்ட நிரல், ஒரு சொல் எங்கே முடிகிறது என்று பார்க்கும்போது, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தின் பகுதியாகக் கொள்வதில்லை. ஆகவே இகரக் குறி வந்தவுடன் சொல் முடிந்துவிட்டது என்று கருதி ‘தம’ என வெட்டுகிறது. எஞ்சிய ‘ழ’ ஓரெழுத்தாக நிற்பதால் அதை விட்டுவிடுகிறது. இடைவெளியைக் கொண்டு சொற்களைப் பிரித்து, நிறுத்தக்குறிகளை நீக்கி, எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்ற பட்டியலை முதலில் தனியே தயாரித்து, அந்தப் பட்டியலையே நிரலிடம் கொடுத்தால் இச்சிக்கல் தீரும். தமிழ் எழுத்துரு ஒன்றையும் அதற்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

மாணவர்களிடம் மேகத்தைக் காட்டும்போது பட்டியலையும் சேர்த்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘சுற்றுச்சூழல்’, ‘மரம்’ ஆகிய இரண்டும் ஒரே எண்ணிக்கையில் வந்திருந்தாலும், நீளமான சொல் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் அதுவே முதன்மையானது என்று கண் நம்பிவிடும்.

கேள்வி: நான் உருவாக்கிய சொல் மேகத்தில் ‘ஒரு’, ‘என்று’, ‘அந்த’, ‘இந்த’ ஆகியவையே பெரிதாகத் தெரிந்தன. பொருளற்ற இச்சொற்களை நீக்கிவிடலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கட்டுரை எதைப் பற்றியது என்று மட்டும் அறிய வேண்டுமானால் நீக்கலாம். ஆனால் அவற்றைப் பொருளற்றவை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில், 1961இல் அச்சான பலவகை எழுத்துகளிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் தொகுத்து எண்ணியபோது, ‘தி’ என்ற ஆங்கிலச் சொல் ஒன்றே ஏறத்தாழ 7 விழுக்காட்டையும், அடுத்து வந்த ‘ஆஃப்’ ஏறக்குறைய அதில் பாதியையும் பிடித்திருந்தன. இரண்டாம் சொல் முதற்சொல்லில் பாதி, மூன்றாம் சொல் மூன்றில் ஒரு பங்கு என்று தோராயமாகக் குறைந்துகொண்டே போகும் இந்த ஒழுங்கு, 1930களில் அதை விரிவாக ஆராய்ந்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃபின் பெயரால் ஜிப்ஃப் விதி என்று வழங்குகிறது.

இந்தச் சிறு சொற்கள் எழுதியவரையே அடையாளம் காட்டியதுண்டு. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து 1787–88இல் ஒரே புனைபெயரில் வெளியான 85 கட்டுரைகளில், 12 கட்டுரைகள் அலெக்சாண்டர் ஹாமில்டனுடையவையா ஜேம்ஸ் மேடிசனுடையவையா என்ற வழக்கு நெடுங்காலம் தீராமல் இருந்தது. பிரடெரிக் மாஸ்டெல்லர், டேவிட் வாலஸ் ஆகிய புள்ளியியலாளர்கள் 1964இல் நூலாக வெளியிட்ட ஆய்வில், ‘அப்பான்’ (upon) போன்ற சின்னஞ்சிறு ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். ஹாமில்டன் அச்சொல்லை அடிக்கடி எழுதியவர். மேடிசனிடம் அது அரிது. கணக்கு மேடிசன் பக்கமே வலுவாகச் சாய்ந்தது. இருவரும் ஒரே பொருளைப் பற்றி எழுதியவர்கள் ஆதலால், ‘அரசு’, ‘சட்டம்’ போன்ற சொற்களை எண்ணி அவர்களைப் பிரித்திருக்க முடியாது. நீங்களும் உங்கள் நண்பரும் எழுதிய பக்கங்களை எடுத்து, ‘ஆனால்’ யாரிடம் அதிகம், ‘எனினும்’ யாரிடம் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஆங்கிலத்துக்குச் செய்யும் இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்கும் செய்யலாமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: அப்படியே செய்தால் ஏமாந்துபோவோம். ஐயா, உங்களுக்கு நன்கு தெரிந்த குறள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம் அச்செல்வம்
செல்வத்து ளெல்லாந் தலை.

வாய்விட்டுப் படித்தால் ‘செல்வம்’ ஐந்து முறை காதில் விழுகிறது. அந்த அடுக்கில்தான் குறளின் அழுத்தமே இருக்கிறது. இடைவெளியை மட்டும் பார்த்து எண்ணும் கணினிக்கோ, இவை ஒவ்வொன்றும் ஒரு முறையே வந்த ஏழு வெவ்வேறு சொற்கள். ‘செல்வம்’ என்ற வடிவம் தனித்து ஒரு முறைகூட வரவில்லை. இக்குறளுக்கு மேகம் வரைந்தால் ஏழும் ஒரே அளவில் நிற்கும்.

இது செய்யுளுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். இன்றைய உரைநடையில் ‘அதை’ என்ற ஒரே சொல், பின்னால் வரும் வல்லினத்துக்கு ஏற்ப அதைக், அதைச், அதைத், அதைப் என்று மேலும் நான்கு வடிவங்களில் நின்று, பட்டியலில் ஐந்து இடங்களில் சிதறிப்போகிறது. ‘வீடு’ என்பதோ வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீட்டிலிருந்து எனப் பிரிந்து கீழே இறங்கிவிட, வேற்றுமை ஏற்காத ‘என்று’ போன்றவை உயரே நிற்கின்றன. ‘போய் விட்டது’ என்று பிரித்து எழுதுபவருக்கும் ‘போய்விட்டது’ என்று சேர்த்து எழுதுபவருக்கும் கணக்கு மாறும். ஆங்கிலம் ‘இன்’, ‘டு’ என்று தனிச்சொற்களாக வைத்திருக்கும் வேலையைத் தமிழ் பெரும்பாலும் உருபுகளாகச் சொல்லுக்குள்ளேயே வைத்திருப்பதால், ஒட்டைப் பிரித்து எண்ணினால்தான் இல், கு, ஐ, உம் ஆகியவற்றின் உண்மையான செல்வாக்கு வெளிப்படும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்கு, எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவுத் தொகுதிகளை 1967 முதல் 1970 வரை வெளியிட்டது. அத்தகைய சொல்லடைவு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு எண்ணிப் பழகுவதே நல்ல தொடக்கம்.

கேள்வி: என் மருமகளின் தாய்மொழி மராத்தி. தமிழில் மிகுதியாக வழங்கும் 1,000 சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறார். வீட்டில் பேச அது போதுமா?
– இல்லத்தரசி, சென்னை

பதில்: பட்டியல் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். செய்தித்தாளிலிருந்து எடுத்திருந்தால் ‘தெரிவித்தார்’ மேலே இருக்கும். உங்கள் சமையலறையில் யாரும் எதையும் ‘தெரிவிப்பது’ இல்லை. மைக்கேல் வெஸ்ட் ஆங்கிலம் கற்போருக்காக ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டபோது, எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், கற்பதற்கு எளிதா, அன்றாடத் தேவைக்கு உரியதா என்றும் பார்த்தார். நீங்களும் அவ்வாறே செய்யலாம். சாப்பாட்டு வேளையில் வீட்டார் பேசுவதை எல்லோருடைய ஒப்புதலோடும் அரை மணி நேரம் பதிவு செய்து, காதில் விழுந்தபடியே எழுதி எண்ணுங்கள். ‘வேண்டும்’ அல்ல, ‘வேணும்’. ‘போதுமா’, ‘அப்புறம்’, ‘எடுத்துக்கோ’ என்று ஒரு பட்டியல் கிடைக்கும். முதல் மாதத்துக்கு அதுவே அவருக்குப் பாடநூலாக இருக்கட்டும்.